சிவப்புக் கயிறு

குப்பை நாற்றம் எனக்குப் பழகிவிட்டது, ஐயா. உங்கள் விசாரணை அறையின் பினாயில் நெடியில்தான் தலை வலிக்கிறது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்தால் விவரமாகச் சொல்கிறேன்.

குப்பை பிரிக்கும் ஷெட்டில் நான் பாதுகாப்பு மேற்பார்வையாளன். ஊர்க்குப்பை முழுவதும் ஓடும் பெல்ட்டில் வரும். இருபுறமும் ஆட்கள் நின்று பிளாஸ்டிக், கண்ணாடி என்று பொறுக்குவார்கள். மிச்சம் கடைசியில் அரவை எந்திரத்துக்குள் விழும். ஆபத்தென்றால் இழுப்பதற்கு, பெல்ட் நெடுக ஒரு சிவப்புக் கயிறு. இழுத்தால் எல்லாம் நின்றுவிடும்.

இவர்களோ ஊசி குத்தினால் இழுப்பார்கள், செத்த பூனை வந்தால் இழுப்பார்கள். குத்தினால் கையை எடுத்துக்கொள்ளக் கூடாதா? வேலை நின்று நின்று ஓடுகிறதென்று மேலாளர் என்னைக் காய்ச்சி எடுத்தார். கயிற்றையே அவிழ்த்தால் பார்க்க நன்றாயிராது. அதன் முனையிலிருந்த பெட்டியைத் திறந்து வயரை மட்டும் கழற்றினேன். ரிப்பேர், ஆள் வருவார் என்றேன். நம்பினார்கள். நல்ல ஜனங்கள்.

தங்கையின் கணவன் மட்டும் நம்பவில்லை. ஷெட்டில் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தான்.

"மச்சான், வயரை நீங்கதானே கழட்டுனீங்க? யாராவது மாட்டிக்கிட்டா?"

"மாட்டிக்காம வேலை பாருங்க மாப்பிள்ளை."

"மதியம் ஆய்வுக்கு வர்றாங்கல்ல, அவங்ககிட்ட சொல்லத்தான் போறேன்."

சொந்த மச்சானையே போட்டுக்கொடுப்பானாம். வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

அவன் வேலைக்குத் திரும்பிய சற்று நேரத்தில் பெல்ட்டில் ஒரு கிழிந்த வலை வந்தது. பிடித்து இழுத்தான், வலை கையைச் சுற்றிக்கொண்டது. பெல்ட் அவனையும் சேர்த்து இழுத்தது. மற்றவர்கள் அவன் காலைப் பிடித்துத் தொங்கினார்கள். கயிற்றை அவன் தொடவேயில்லை, விவரமானவன். "மச்சான், மெயினை ஆஃப் பண்ணுங்க" என்று என்னைத்தான் கூப்பிட்டான். மெயின் சுவிட்ச் ஷெட்டின் மறுகோடியில், பூட்டிய அறையில். சாவி என்னிடம்.

போனேன், ஐயா. போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

சவக்கிடங்கு வாசலில் தங்கை என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "ஏண்ணே ஓடல? அவர் கத்தக் கத்த நீ நடந்து போனியாமே?"

துக்கத்தில் இருப்பவளிடம் என்ன விளக்குவது? ஷெட்டுக்குள் ஓடக் கூடாது என்பது விதி. தரையெல்லாம் வழுக்கல். நான் விழுந்து காலை ஒடித்துக்கொண்டிருந்தால் அன்றைக்கு இரண்டு விபத்தாகியிருக்கும். ஒன்றோடு முடித்துக்கொடுத்தவன் நான்தான்.