பொருந்திய எண்கள்

பழைய துப்பாக்கியைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். ட்யூப்லைட்டின் கீழே எல்லா இரும்பும் நல்ல இரும்பாகத்தான் தெரியும்.

நான் வெதரில் பார்க்கில் ஒரு கிடங்கில் இரவு ஷிப்ட் பார்க்கிறவன். இன்ஜினியரிங் படிக்க சிட்னிக்கு வந்து இரண்டாம் வருடத்தோடு விட்டேன். ஆனால் போர்க்கால ஜெர்மன் ரைபிள் ஒன்றைக் கையில் கொடுத்தால், எந்தத் தொழிற்சாலை, எந்த வருடம், எதை மாற்றியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். சேகரிப்பாளர் சங்கத்தின் வெள்ளைக்காரக் கிழவர்கள்கூட என்னைக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். வேறு எதைப் பற்றியும் என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

செந்தூரன் அண்ணா சங்கத்தில் பழக்கம், டூங்காபியில் இருந்தவர். போன ஆகஸ்டில் 1942ஆம் வருடத்து ரைபிள் ஒன்று விலைக்கு வந்தது. உடல், குழல், தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்து மூடும் போல்ட், மூன்றிலும் ஒரே எண், 7714. எண்கள் பொருந்தினால்தான் அதற்கு மதிப்பு. ஷிப்ட் முடிந்த கையோடு விற்கிறவரின் கராஜில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து, ஒரிஜினல் என்றேன். அண்ணா வாங்கினார்.

மார்ச்சில் ஒரு புதன்கிழமை மத்தியானம் கூப்பிட்டார். சனிக்கிழமை ரேஞ்சில் முதல்முறையாகச் சுடப் போகிறாராம். நான் போனபோது போல்டைக் கழற்றி சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தார்.

"பாரும் தம்பி, அதுக்கு என்ர நல்ல துவாயை விரிச்சிருக்கிறார்," என்றார் அவர் மனைவி சிவகௌரி.

"கிளப்பில ஒருத்தன் இந்த போல்ட் வேற துவக்கின்ர எண்டு சொல்லுறான்," என்றார் அண்ணா. "ஒருக்காப் பாரும்."

"கண்ணு தெரியாத ஆளு போல."

"எங்கட ஆள் பாத்தது, வாயை மூடு எண்டு சொல்லிப்போட்டன்."

ஜன்னலோரம் கொண்டுபோய் லென்ஸை வைத்தேன். தொழிற்சாலையில் அடித்த எண்ணின் விளிம்பு எண்பது வருடத்தில் மழுங்கியிருக்கும். இதில் விரல் நகம் மாட்டியது. பழைய எண்ணை அரைத்து எடுத்த பள்ளமும் அடியில் தெரிந்தது. போல்ட் வேறு ரைபிளுடையது. எண் சமீபத்தில் அடித்தது.

வேறு போல்ட் என்றால் சுடுவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும். தோட்டாவுக்குப் பின்னால் இடைவெளி கொஞ்சம் கூடினாலும் உறை கிழிந்து, வெடிப்பது சுடுகிறவர் முகத்துக்கு வரும். இது எனக்குத் தெரியும். அவருக்கும் ஓரளவு தெரியும்.

"சரிதானே?"

"ஒரிஜினல்தாண்ணா."

"அளக்கத் தேவையில்லையோ?"

"நம்பர் பொருந்தின ரைபிளை எதுக்குண்ணா அளக்கணும்?"

சிவகௌரி அக்கா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை அவர் மெசேஜ் அனுப்பினார், "நீரும் வாருமன்" என்று. தூக்கம் வேண்டும் என்று பதில் போட்டேன். பொய்யில்லை. ஷிப்ட் இருந்தது.

சனிக்கிழமை மூன்றாவது தோட்டாவில் வெடித்தது. உலோகத் துண்டு வலது கண் வழியாக உள்ளே போனது. திங்கட்கிழமை இறந்தார்.

நான் துப்பாக்கி மெக்கானிக் இல்லை. எண்ணைப் பார்ப்பது என் வேலை, சுடுவது அவர் ஆசை. ஒரு தடவை தவறிவிட்டேன் என்று சொல்லியிருந்தால், அடுத்த கூட்டத்தில் என் கையில் யாரும் எதையும் கொடுத்திருக்கமாட்டார்கள். உங்களுக்கு அது சின்ன விஷயம். உங்களிடம் வேறு பத்து விஷயம் இருக்கும்.

செத்த வீட்டில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசைப் போட்டு வருத்தாதேயும் தம்பி. தெரிஞ்சிருந்தா சுட விட்டிருப்பீரோ?" என்றார். தலையாட்டினேன்.

விபத்து என்று நீங்கள் போலீஸ் ஃபைலை மூடியிருப்பீர்கள். நானும் பேசாமல்தான் இருந்திருப்பேன். ஆனால் உங்கள் நிபுணரின் அறிக்கை இப்போது சங்கத்தில் கைமாறிக்கொண்டிருக்கிறது. எண் போலி, மதிப்பிட்டவருக்கு அதைக் கண்டுபிடிக்கும் திறமை இல்லை என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த வரியைத் திருத்தத்தான் வந்தேன்.

கண்டுபிடித்தேன். அவர் சுடுவதற்கு மூன்று நாள் முன்னாலேயே, அவர் பக்கத்தில் நின்றபடியே கண்டுபிடித்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.