கட்டை உஷார்

அந்த சைக்கிளை முதலில் பார்த்தது யார் என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது. நான்தான் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தக் காட்சியை மனதில் கொண்டுவரும்போதெல்லாம் என் கையில் ஒரு புத்தகம் விரித்தபடி இருக்கிறது. புத்தகம் விரித்திருந்தால் நான் தலை நிமிர்ந்திருக்க மாட்டேன். சைக்கிளோ மேலே, கூரைச் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

உட்காரச் சொன்னதற்கு நன்றி. டீ வேண்டாம். இந்த ஸ்டேஷனுக்கு நீங்கள் புதிது என்று வெளியில் சொன்னார்கள். அதனால் கொஞ்சம் முன்னாலிருந்தே சொல்கிறேன்.

ராயபுரத்தில், கப்பல்களுக்குக் கயிறும் பெயின்டும் விற்றுவந்த பழைய கிடங்கு ஒன்றை இடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஜெகதீசனும் மழைக்கு அங்கே ஒதுங்கினோம். ஒதுங்கினால் நான் புத்தகத்தை எடுத்துவிடுவேன். அவன் பேச்சை எடுத்துவிடுவான். "மாமு, மேல பாரு. ஆட்டுக்கடா மாதிரி கொம்பு வளைஞ்ச சைக்கிள் ஒண்ணு தொங்கிகினு கீது" என்று அவன் சொன்னது காதில் இருக்கிறது. ஆனால் அந்தக் காட்சியை அவன் அப்புறம் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் நடித்துக் காட்டினான். அப்படித்தான் காதில் தங்கியதோ என்னவோ.

அது வெளிநாட்டு சைக்கிள். ஊர் ஊராக நெடுந்தூரம் போவதற்கென்று செய்தது. கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார், பின்சக்கரத்தில் ஐந்து கியர், முன்னும் பின்னும் கேரியர். எந்தக் கப்பல் அதிகாரி விட்டுப்போனதோ தெரியவில்லை. காவலுக்கு இருந்த ரஷீது பாயிடம் கேட்டோம்.

"எடுத்துகினு போங்கப்பா. இத்தினி வருசமா புறாங்கதான் ஓனரு. அதுங்க கையில ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க" என்றார்.

ஜெகதீசன் புறாக்களிடம் உண்மையாகவே கேட்டான். பிறகு என் முதுகில் தட்டி, "உஷார் பண்ட்டோம் மாமு" என்றான்.

இந்தச் சொல்லை நீங்கள் கவனிக்க வேண்டும். உஷார் என்றால் எச்சரிக்கை. அது எல்லா ஊருக்கும் பொது. எங்கள் பக்கத்தில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒன்று கைக்கு வந்து சேர்ந்துவிட்டது, மடக்கியாகிவிட்டது என்றாலும் உஷார்தான். அலைந்து திரிந்து ஒரு ரேஷன் கார்டு வாங்கினாலும் உஷார். அடுத்தவன் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாலும் உஷார்.

ஜெகதீசன் காசிமேட்டில் விசைப்படகு என்ஜின்களைப் பழுது பார்ப்பவன். ஓடும் என்ஜினுக்கு மேலே பேசிப் பழகியவன். என்ஜின் நின்ற பிறகு குரலைக் குறைக்கலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் கிளார்க். வண்டி எண்ணைப் பார்ப்பது, கையை ஆட்டுவது, மறுபடி படிப்பது. என் பெயர் வல்லரசு. "பேருதான் வல்லரசு. இவன் வாயிலர்ந்து ஒரு வார்த்தை வர்றதுக்குள்ள ஐநா சபை ரெண்டு தபா கூடிக் கலைஞ்சிடும்" என்பான் ஜெகதீசன். அவன் மனைவி நர்மதா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கம்முனு இரு. அண்ணன் ஒருத்தராவது இந்த வூட்டுல அமைதியா குந்தட்டும்" என்பாள்.

சைக்கிளை என் வீட்டு மொட்டை மாடியில் வைத்துச் சரிசெய்தோம். சரிசெய்தேன் என்பதுதான் சரி. அவன் மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பேசுவான். துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தேன். சக்கரங்களுக்குக் கம்பி கம்பியாக முறுக்கிப் பெண்டு எடுத்தேன். செயினைப் பிரித்துக் கழுவிக் கோத்தேன். கடலுக்குப் போன படகு ஒன்று பழுதாகி நின்றதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெகதீசன் வரவில்லை. அன்று பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை அந்தச் சின்ன டிக் டிக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்பதற்கு வேறு எதுவும் இல்லை. இத்தனை வயதில் அவ்வளவு நல்ல மாலை எனக்கு வாய்த்ததில்லை.

அடுத்த வாரம் அவன் ஒரு ஹாரனோடு வந்தான். மீன்காரர்கள் கேரியரில் பெட்டி கட்டிக்கொண்டு பிதுக்குவார்களே, அந்த ரப்பர் ஹாரன். வளைந்த ஹேண்டில்பாரில் கயிறு போட்டுக் கட்டினான். இரண்டு பக்கமும் சிவப்புக் குஞ்சம் மாட்டினான்.

"இன்னா மாமு பாக்கிற? ஸோக்கா இல்ல? நீ ரோட்டுல வாயத் தொறக்க மாட்ட. லாரிக்காரனுக்கு யாரு சொல்றது, வல்லரசு வர்றான் வழிய வுடுன்னு? இதான் சொல்லும்."

பிதுக்கிக் காட்டினான். தெரு நாய்கள் எல்லாம் பதில் சொல்லின.

வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிடமே கழற்றியிருப்பான். அது அவன் குணம். நான் சொல்லவில்லை. சொல்லிக் கேட்டு வாங்குவதில் எனக்கு எப்போதுமே விருப்பமில்லை. ஒரு மனிதன் தானாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறா என்ன.

யார் முதலில் ஓட்டுவது என்று பேச்சு வந்தது. முதலில் ஓட்டுகிறவனுக்கே சைக்கிள் என்று விளையாட்டாகச் சொன்னான். சாட் பூட் திரி போட்டோம். மூன்றாவது கைக்கு அடுத்த வீட்டிலிருந்த நர்மதாவைக் கூப்பிட்டோம். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு வந்தாள். நரை விழுந்த மூன்று பேர் மொட்டை மாடியில் நின்று உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் போட்டதைப் பார்த்து எதிர்வீட்டு ஆட்கள் சிரித்தார்கள். எங்கள் இருவர் கையும் கவிழ்ந்திருக்க, ஜெகதீசன் கை மட்டும் நிமிர்ந்திருந்தது. "உஷார்" என்று கத்தினான். எண்ணூரில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு ஓட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்றான். நான் யார்டு சைக்கிளில் கூட வருவதாகச் சொன்னேன்.

மிச்சமிருந்தது பிரேக் கட்டை மட்டும்தான். பழைய ரப்பர்க் கட்டைகள் கல்லாக இறுகிப்போயிருந்தன. இந்த மாடலுக்குப் பொருந்துகிற கட்டை எங்கும் கிடைக்கவில்லை. கடை கடையாக நான்தான் அலைந்தேன். ஜெகதீசனுக்கு அதில் பிடிப்பில்லை. "எனுக்கு பிரேக்கப் பத்தி இன்னா மாமு தெரியும்? போட்டுக்கு ஏது பிரேக்கு? நீ பாத்துக்கோ" என்றான். நான் பார்த்துக்கொண்டேன்.

வண்ணாரப்பேட்டையில், துணிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில், கடைசியில் கிடைத்துவிட்டன. நான்கும் புதிது. வீட்டுக்கு வந்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரப்பர் வாசனை நன்றாக இருந்தது. பிறகு அவற்றைப் புத்தக அலமாரியில், புத்தகங்களுக்குப் பின்னால் வைத்தேன். பழைய கட்டைகளைக் கழற்றி, ஷூ பாலிஷ் போட்டுத் துடைத்து, திரும்ப மாட்டினேன். பார்க்கப் புதிது போலவே இருந்தன. காய்ந்த சக்கரத்தை ஓரளவு பிடித்தன. ஒரு வாளித் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றிச் சுற்றிவிட்டுப் பிடித்துப் பார்த்தேன். பிடிக்கவில்லை. எந்த வேலையையும் சோதித்துப் பார்க்காமல் விடுவது எனக்குப் பழக்கமில்லை.

அந்த ஞாயிறு காலை தூறிக்கொண்டிருந்தது. ஜெகதீசன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். மாமியாருக்கு வஞ்சிரம் வாங்கிக் கேரியரில் கட்டியிருந்தான். ஏறி உட்காருவதற்கு முன் கேட்டான்.

"கட்டை இன்னா மாமு ஆச்சு?"

"உஷார்" என்றேன்.

அவன் நர்மதாவைத் திரும்பிப் பார்த்தான். "பாத்தியா, பேசாத ஆளு, ஒத்த வார்த்தைல மேட்டர முடிச்சிட்டான்" என்று என் கன்னத்தைக் கிள்ளினான். கிளம்பினோம்.

வழியெல்லாம் பேசிக்கொண்டே போனான். நான் பின்தங்கிக்கொண்டே வந்தேன். கத்திவாக்கம் மேம்பாலத்தில் ஏறும்போது தூறல் மழையாகிவிட்டது. இறக்கத்துக்குக் கீழே, துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லர்கள் வழக்கம்போல வரிசையாக நின்றன. அவை அங்கே நிற்கும் என்பது எனக்குத் தெரியும். அவற்றில் பாதி எங்கள் யார்டிலிருந்து போகிறவை.

நான் பாலத்தின் உச்சியில் இறங்கி நின்றேன். "மாமு, கட்டை புடிக்கல மாமு" என்று ஒருமுறை கேட்டது. பிறகு ஹாரன். கீழே நின்றுகொண்டிருந்த லாரியை வழிவிடச் சொல்லி, அதில் போய் மோதும்வரை பிதுக்கிக்கொண்டே இருந்தான். அதற்கப்புறம் மழைச் சத்தம் மட்டும் இருந்தது.

விசாரித்த சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். புதுக்கோட்டைப் பக்கம். "பழைய வண்டி, மழை வேற. நீங்க ஒண்ணும் சொல்லலையாய்யா?" என்று கேட்டார்.

"உஷார்னு சொன்னேன் சார்."

"ஆமா, அதுக்கு மேல கூட வர்றவன் என்ன செய்ய முடியும்" என்று என் தோளைத் தொட்டார். விபத்து என்று முடித்துவிட்டார்கள்.

நான் சொன்னதில் பொய் இல்லை என்பதை நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள். கட்டைகள் என் கைக்கு வந்திருந்தன. அந்த வகையில் உஷார். மாட்டியிருந்தவை ஆபத்தானவை, அந்த வகையிலும் உஷார். இரண்டு பொருளிலும் உண்மையைச் சொல்லியிருக்கிறேன். எதை எடுத்துக்கொள்வது என்பது கேட்டவன் பாடு. பல மாதம் நான் இப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். படித்தவன் ஆதலால் இலக்கணத்தில் எனக்குப் பிடிமானம் உண்டு.

ஆனால் சப்-இன்ஸ்பெக்டர் வெளியூர்க்காரர். நான் புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்தவன். காசிமேட்டுக்காரன் ஒருவன் அந்தச் சொல்லை எப்படிக் கேட்பான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அதைத் தேர்ந்தெடுத்தேன். முந்தின நாள் முழுக்க யோசித்துத் தேர்ந்தெடுத்தேன். அவனைக் கொல்ல நினைத்தேன். அவ்வளவுதான் விஷயம்.

எல்லோரும் என்ன ஆனார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். கிடங்கு தரைமட்டமான பிறகு ரஷீது பாய் புழல் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டார். சப்-இன்ஸ்பெக்டர் சொந்த மாவட்டத்துக்கே மாற்றலாகிவிட்டார். நர்மதா இறால் உரிக்கும் வேலைக்குப் போகிறாள். சைக்கிள் என்னிடம் இருக்கிறது. "அத்தப் பாத்தாலே வயிறு எரியுதுண்ணா, எடுத்துகினு போய்டுங்க" என்று அவள்தான் கொடுத்தாள். முன்சக்கரம் மாற்றிவிட்டேன். புதுக் கட்டைகள் போட்டிருக்கிறேன். மழையிலும் நன்றாகப் பிடிக்கின்றன. ஹாரன் இல்லை.

ஜெகதீசன் சாகவில்லை. தலையில் அடி. வலது கையும் பேச்சும் போய்விட்டன. தினமும் மாலையில் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இருவரும் பேசுவதில்லை. நண்பர்கள் அப்படி உட்கார்ந்திருப்பதுதான் அழகு என்று நான் எப்போதும் நினைத்து வந்திருக்கிறேன். நான் உள்ளே நுழையும்போது மட்டும் "உஷார்" என்பான். அவனுக்கு மிஞ்சியது அந்த ஒரு வார்த்தைதான். "நீங்க வந்தாதான்ணா இத்த சொல்றாரு. உங்க மேல அவ்ளோ உசுரு" என்பாள் நர்மதா. எந்தப் பொருளில் சொல்கிறான் என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க மகிமா என்று ஒரு பெண் வாராவாரம் வருகிறாள். இனி ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பி வரும் என்கிறாள். நேற்று மாலை இரண்டாவது வார்த்தை வந்துவிட்டது. "கட்டை" என்றான். நர்மதா அழுது, சிரித்து, அவன் ஊன்றுகோலை ஓடிப்போய் எடுத்து வந்தாள். அவன் அதை வாங்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்று நான் இங்கே வந்தது, மூன்றாவது வார்த்தை வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பதற்காக அல்ல.