இரண்டு ஊருக்கும் ஒரே முகவரி

சாப்பாட்டில் தயிர் இல்லாவிட்டால் மதியத்துக்குமேல் எனக்கு வேலை ஓடாது. மற்றபடி நான் யாருக்கும் தொந்தரவு கொடுக்காதவள், சார். விசாரணை என்று கூப்பிட்டதால் சொல்கிறேன்.

தொண்ணூற்றெட்டு மார்கழியில், வரப்போகிற புது இன்டர்நெட்டுக்கு ஏற்றபடி ஒரு ப்ரோக்ராம் எழுதச் சொன்னீர்கள். நம் ஓசூர் ஆலையும் போச்சம்பள்ளி ஆலையும் செய்தி அனுப்பிக்கொள்ள. என் பக்கத்து நாற்காலி திம்மராயன்தான் எழுதினான். அது முதலில் புது முகவரியில் கூப்பிடும்; யாரும் எடுக்காவிட்டால்தான் பழையதற்குப் போகும். எந்த ஊருக்கு எந்த முகவரி என்ற பட்டியல் மட்டும் என் பொறுப்பு.

பழைய முகவரி நாலே எண். ஆயுத பூஜையன்று சீட்டில் எழுதி, சந்தனம் குங்குமம் வைத்து கம்ப்யூட்டர் நெற்றியில் ஒட்டுவோம். புதியது முழ நீளம். ஒட்ட இடமில்லை, படித்துப் பார்க்க ஆளும் இல்லை. இரண்டு ஊருக்கு நேரேயும் என் கம்ப்யூட்டரின் புது முகவரியை எழுதினேன். சும்மா சோதனைக்கு.

சோதித்தவர்கள் இரண்டு பேர்: இங்கே ஓசூரில் அவன், அங்கே போச்சம்பள்ளியில் சரோஜா. அவன் அவளுக்கு அனுப்பிய முதல் செய்தியே என் கம்ப்யூட்டருக்கு வந்தது: தையில் பெண் கேட்டு வரட்டுமா என்று எழுதியிருந்தான். பதில் வராவிட்டால் ப்ரோக்ராம் கெட்டுவிட்டது என்று பையன் நொந்துபோவான். "அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, ஆடி கழியட்டும். அதுவரைக்கும் போனும் வேணாம், நேர்லயும் வராதீங்க" என்று சரோஜாவாக எழுதினேன்.

"சாந்தாக்கா, ஓடுதுக்கா. புது அட்ரஸ்லயே எடுத்துட்டா பாருங்க" என்றான். என்னைவிட ஏழே மாதம் இளையவன். அந்த அக்கா எனக்குப் பிடிக்கவில்லை.

சரோஜாவுக்கும் அவன் பேரில் ஒரு வரி அனுப்பினேன்: "வீட்ல ஒத்துக்கல, மறந்துடு." தையிலேயே அவளுக்குக் காவேரிப்பட்டணத்து மாப்பிள்ளை அமைந்தது. நல்ல இடம்தான், விசாரித்தேன்.

அதற்குப் பிறகும் அவனுக்குத் தினமும் எழுதினேன். போச்சம்பள்ளி மழை, மெஸ் சாம்பார், பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பெயர். அவன் பதில்கள் இனித்தன, மறைப்பானேன்.

நேற்று அவனுக்குப் பொறுக்கவில்லை. கம்பெனி பஸ் ஏறிப் போச்சம்பள்ளிக்கே போய், அவள் கழுத்துத் தாலியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். இன்று வேலைக்கு வரவில்லை.

ஆமாம், எல்லாம் நான்தான் செய்தேன். ஆனால் போகுமுன் எனக்கு எழுதியிருந்தான் பாருங்கள், "உன் முகத்த ஒரு தடவ பாத்தா போதும்" என்று. சிரிப்புதான் வந்தது. ஏழு மாதமாகப் பார்த்துக்கொண்டுதானே இருந்தான்.