மண்ணுக்குள் முடிந்த குழாய்

என் பெயரும் விலாசமும் மேலே பதிவாகியுள்ளன. வயது நாற்பத்தொன்று. வீட்டிலேயே தையல் தைத்துப் பிழைக்கிறேன். கணவர் வெளியூரில் லாரி ஓட்டுகிறார். படுத்த படுக்கையாக உள்ள மாமியாரை நான் கவனித்து வருகிறேன்.

எங்கள் சந்துக்குக் குடிநீர் அலுவலகத்தார் புதுக் குழாய் போட்டுப் படமும் எடுத்துக்கொண்டு போனார்கள். அன்று முதல் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. குடிநீர் அலுவலகத்தில் கேட்டதற்குப் பொறியாளர், “நாங்க விட்டுட்டுத்தாம்மா இருக்கோம். உங்க சந்துல யாரோ மோட்டார் வெச்சு உறிஞ்சுறாங்க, அதைப் பாருங்க” என்றார்.

அதன் பிறகு சந்தில் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. எதிர்வீட்டு மாவு மில் அக்கா துணி காயப்போட்டால், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். என் தையல் மெஷின் ஓடினால் அது மோட்டாரோ என்று அவர் வந்து என் கதவில் காது வைப்பார். ஒரு நாள், “உள்ள என்னடி ஓடுது?” என்று கேட்டு, மாமியார் கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். அதோடு பேச்சு நின்றுபோனது.

அதன் பிறகு, கழுவித் துடைக்கத் தண்ணீர் போதாமல் மாமியார் முதுகில் புண் வந்தது. நான் கடப்பாரை வாங்கி வந்து, அக்கா வீட்டு வாசலில் தோண்டினேன். திருட்டு இணைப்பு எதுவும் இல்லை. பழியை என் மேல் திருப்ப அக்காவும் ஒரு மண்வெட்டியோடு வந்து என் வாசலைத் தோண்டினார். அங்கும் இல்லை. அதன் பிறகு மற்றவர்களும் சேர்ந்து, குழாய் போன வழியே சந்து முனைவரை தோண்டினோம். அங்கே குழாய் முடிந்திருந்தது. அதன் வாயில் சிமெண்ட் சாக்கைத் திணித்திருந்தார்கள். அதற்கு அப்பால் வெறும் மண். தண்ணீர் வரும் பெரிய குழாய் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போகிறது.

“அப்ப நாம எதுக்குடி சண்டை போட்டோம்?” என்றார் அக்கா.

அதன் பிறகு பொறியாளர் ஆட்களுடன் வந்து, நாங்கள் குழாயை உடைத்துவிட்டதாகச் சொல்லி, பள்ளத்தை மூடச் சொன்னார். மூடிவிட்டால் அவர் சொல்வதுதான் உண்மையாகிவிடும் என்று பயந்து, நான் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்தேன். யாரையும் அடிக்கவில்லை. என்னைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றியபோது, அக்கா பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்.

ஸ்டேஷனில் எழுதிய இந்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். ஓரிடத்தில் “உடைந்த குழாய்” என்று இருந்தது. அதை அடித்து, “இணைக்கப்படாத குழாய்” என்று எழுதச் செய்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டுள்ளேன். இப்போது உள்ளபடி எல்லாம் நான் சொன்னதே, நடந்ததே.

(ஒப்பம்)