பஞ்சு சிக்கிய இடம்

பழைய குறுக்குவில் வாங்குகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் முதலில் குறி பார்க்க உதவும் ஸ்கோப்பைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள், மேடம். கார் வாங்கப் போய் ரேடியோவைத் திருகிப் பார்ப்பது மாதிரி. ஸ்கோப் கெட்டால் மான் தப்பும், அவ்வளவுதான். முழு விசையும் உட்கார்ந்திருப்பது துப்பாக்கிக் கட்டை போன்ற அந்தக் கட்டையின் முனையில் குறுக்கே விரிந்திருக்கும் இரண்டு கைகளில். முப்பது வருடமாக என் கொட்டகையில் வில் பழுது பார்க்கிறேன். வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன். ஹார்லன் ப்ரூயட்டுக்குச் சொல்லவில்லை. அவருக்கு யாரும் எதுவும் சொல்ல முடியாது.

ஹார்லன் எங்கள் பிஜியன் ரிட்ஜ் மான் வேட்டையர் சங்கத்தின் தலைவர். முப்பத்தொரு உறுப்பினர்கள், ஒரு தகரக் கூரை, ஒரு காபி இயந்திரம். இதை ஆளுவதற்கு நாற்பத்திரண்டு பக்கத்தில் சட்டதிட்டம். மேசையைத் தட்ட மான்கொம்பில் ஒரு சுத்தியல். ஒருவன் கழிப்பறைக்கு எழுந்தாலும் “யாராவது வழிமொழியறீங்களா?” என்று கேட்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

ஆகஸ்டில் அவர் ஒரு குறுக்குவில்லோடு வந்தார். யாரோ இறந்துபோனவர் வீட்டுச் சாமான் விற்பனையில் எடுத்தது.

“டெல்மர், ரெண்டே ரெண்டு தடவதான் எய்திருக்காராம். அவரு வீட்டம்மாவே சொன்னாங்க. சும்மா தொடச்சுக் குடு, போதும்.”

“தொடைக்கிற துணி உங்க வீட்லயே இருக்குமே தலைவரே.”

“உன் கை படாத வில்லு சங்கத்துக்குள்ள வரக்கூடாதுப்பா. விதி இருக்கு. நான்தான் எழுதினேன்.”

துடைத்தேன். நாணில் பிரிந்து நின்ற இழைகளை விரலால் தேய்த்துச் சூடேற்றி மெழுகை உள்ளே இறக்கினேன். மெழுகைப் பூசினால் போதாது, ஊட்ட வேண்டும். அம்பு ஓடும் தடத்தில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். இரண்டாவது சொட்டு தூசியைக் கூப்பிட்டுச் சேர்க்கும். தளர்ந்திருந்த திருகுகளை முறுக்கினேன். எல்லாம் முடிந்ததும் பஞ்சு. ஒரு உருண்டைப் பஞ்சை வில்லின் கைகளில் மேலும் கீழும் மெதுவாக இழுத்துக்கொண்டு போக வேண்டும். கண் தவறவிடும் விரிசலில் பஞ்சு சிக்கும். இடது கையின் அடிப்பக்கத்தில் ஒரு இழை சிக்கி நின்றது.

செத்துப்போனவர் எப்போதோ அம்பு வைக்காமல் விசையை அழுத்தியிருக்கிறார். அம்பு கொண்டுபோக வேண்டிய வேகத்தை அன்றைக்கு வில்லே வாங்கிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட கை நாளைக்கும் உடையலாம், ஐம்பதாவது எய்தலிலும் உடையலாம். சிவப்புப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, சொந்தக்காரனைக் கூப்பிட்டுக் காட்டுவதுதான் முறை. பென்சிலைக் கையில் எடுத்தேன். பிறகு காபி போடப் போனேன். திரும்பி வந்தபோது பென்சிலை எங்கே வைத்தேன் என்று தேடவில்லை. நான் செய்தது என்று உங்கள் விசாரணைத் தாளில் நீங்கள் எழுதிக்கொள்வது உண்மையில் நான் செய்யாமல் விட்டது, மேடம்.

அந்த மான் விஷயத்தைக் கேட்பீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் நான் எய்த ஆண்மான் மேட்டைத் தாண்டி ஓடியது. மறுபக்கம் ஹார்லன் இரண்டாவது அம்பை விட்டார். முதலில் சாகடிக்கும் அடியை அடித்தவனுக்கே மான் என்பது எங்கள் வழக்கம். விசாரணைக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. என் அம்பு ‘தொந்தரவு மட்டுமே’ என்று தீர்ப்பு. கை தூக்கச் சொன்னார். எனக்காக ஒரே ஒரு கை எழுந்தது, லைல் ஆஷ்க்ராஃப்டுடையது. மான்தலை இப்போது சங்கத்துச் சுவரில் ஹார்லன் பெயரோடு இருக்கிறது. அதை நான் மனதில் வைத்துக்கொண்டிருந்தேன் என்பார்கள். கிடையாது. கொம்பில் பன்னிரண்டு கிளை, உள்ளகலம் இருபத்தொன்றேகால் அங்குலம், வலது கொம்பின் அடியில் கீழ்நோக்கி வளைந்த ஒரு சின்னக் கிளை. இதெல்லாம் எனக்கு நினைவுகூட இல்லை.

சங்கத்து வில் எல்லாவற்றிலும் சங்க முத்திரை ஒட்ட வேண்டும். எங்கே ஒட்டுவது என்று நாற்பத்திரண்டு பக்கத்திலும் இல்லை. எல்லாரும் கட்டையில் ஒட்டுவார்கள். நான் வில்லின் இடது கையின் அடிப்பக்கத்தில், பஞ்சு சிக்கிய இடத்தில் ஒட்டினேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பழைய வில்லைச் சீர்செய்தவன், சொந்தக்காரன் முன்னால் முதல் மூன்று அம்பைத் தானே எய்து காட்ட வேண்டும். செப்டம்பரில், சீசனுக்கு முன் வில்லின் குறியைச் சரிபார்க்கும் சனிக்கிழமை, மொத்தச் சங்கமும் பார்க்க எய்தேன். மூன்றும் இலக்கில் காபிக் கோப்பை வாய்க்குள் அடங்கும்படி போய் நின்றன. வெடிப்பதானால் என் முகத்தில் வெடிக்கட்டும் என்று அதற்கு மூன்று வாய்ப்புக் கொடுத்தேன். இதைவிட நியாயமாக ஒருவன் நடந்துகொள்ள முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. தடித்த கண்ணாடியும், அந்த வெயிலில் கழுத்துவரை பொத்தான் போட்ட கேன்வாஸ் கோட்டும் போட்டிருந்தது பழக்கம். அன்றைக்குத் தொடங்கிய பழக்கம்.

பிறகு ஹார்லன் ஐந்து அம்பு விட்டார். நான் அடுப்பருகே மான்கறியைக் கிண்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் கரண்டி நின்றது. ஒன்றும் ஆகவில்லை.

அப்போதுதான் லைல் வந்தான். ஜூலையில் தோளில் அறுவை செய்துகொண்டவன். அவனுடைய சாதாரண வில்லை இழுக்க இந்த வருடம் முடியாது.

“ஒத்தக் கைய வெச்சுக்கிட்டு இங்க எதுக்குடா வந்த?” என்றான் ஒருவன்.

“வாய் நல்லாத்தானே இருக்கு. தட்டக் கொண்டா.”

ஹார்லன் தொண்டையைச் செருமினார். பெருந்தன்மை வரும்போது அவருக்கு அப்படித்தான் முதலில் தொண்டை அடைக்கும். “லைல், சீசன் தொடங்கற அன்னிக்கு என் வில்ல எடுத்துக்க. நான் கொலம்பஸ்ல மாநிலக் கூட்டத்துல பேசறேன். சங்கம்னா குடும்பம்.”

“பேசி முடிச்சு சீசனுக்குள்ள திரும்பிடுவீங்களா தலைவரே?” என்றான் லைல். எல்லாரும் சிரித்தார்கள். அவன் வில்லை நல்ல கையால் வாங்கி எடை பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

“நீ பாத்த வில்லுதானே டெல்மர்?”

“நான் பாத்ததுதான்.”

“அப்ப எனக்குப் பயமே இல்ல.”

“மெழுகு மட்டும் மறக்காமப் போடு,” என்றேன்.

அதன்பின் எனக்கு ஒரு முழு வாரம் இருந்தது. ஸ்கோப்பைச் சரிபார்க்கிறேன் என்று சொல்லித் திரும்ப வாங்கியிருக்கலாம். ஆனால் விரிசலைச் சொன்னால் அடுத்த கேள்வி ‘எப்போதிலிருந்து தெரியும்?’ என்பதாக இருக்கும். முத்திரையை உரித்தால் அதற்குப் பதில் கிடைத்துவிடும். முப்பது வருடம் சேர்த்த பெயர், மேடம். அதோடு லைல்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அதனாலேயே அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பினேன். கோபமே இல்லாத இடத்தில் கெட்டது எப்படி நடக்கும்?

ஒற்றைக் கையால் குறுக்குவில்லின் நாணை ஏற்ற முடியாது. அதனால் சீசன் தொடங்கிய அன்று விடியலில் அவனோடு நான் போனேன். கீழே நிற்பவன் நாணை ஏற்றி, அம்பில்லாத வில்லைக் கயிற்றில் கட்டிவிட வேண்டும். பரணில் இருப்பவன் மேலே இழுத்துக்கொண்டு அம்பை வைப்பான். மரத்தில் கட்டிய பதினெட்டு அடி உயரப் பரண். லைல் பாதுகாப்பு வாரை ஏணியடியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு ஏறினான்.

“வார மாட்டுடா.”

“தோள அறுக்குது அது. ரெண்டு நிமிஷத்துல கை மரத்துப் போவுது.”

“நீ விழுந்துட்டா?”

“உன் மேலதான் விழுவேன். மெத்துன்னு இருக்கும்.”

வில்லின் முனையில் காலை வைத்து நாணை இழுத்தேன். அது கொக்கியில் ஏறும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம். பட்டாணி உடைவது மாதிரி, அவ்வளவு சின்னது.

“என்ன சத்தம்?” மேலிருந்து கேட்டான்.

“குச்சி. மிதிச்சிட்டேன்.”

முடிச்சைப் போட்டேன். இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். வழியில் நழுவி விழுந்து வில்லுக்குச் சேதம் வந்துவிடக் கூடாது. அவன் ஒற்றைக் கையால், பற்களில் கயிற்றைக் கவ்விக் கவ்வி, மேலே இழுத்துக்கொண்டான். கட்டைவிரலைக் காட்டினான். நானும் காட்டினேன். பிறகு எண்பது கஜம் தள்ளி என் மரத்துக்குப் போனேன்.

ஏழு பத்துக்குச் சத்தம் கேட்டது.

ஆம்புலன்ஸுக்கு என் அழைப்பு ஏழு ஐம்பதுக்குத்தான் வந்திருக்கிறது, ஏன் என்று கேட்கிறீர்கள். நீங்கள் வேட்டைக்குப் போகாதவர் என்று நினைக்கிறேன். ஒருவன் எய்தால் உடனே ஓடிப் போகக்கூடாது. அடிபட்ட மான் பக்கத்திலேயே படுத்திருக்கும்; ஆள் சத்தம் கேட்டால் எழுந்து மூன்று மலை தாண்டிப் போய்விடும். அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் அப்பன் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். நான் அதைத்தான் செய்தேன்.

அம்பு பாயும் சத்தமும் வில் வெடிக்கும் சத்தமும் எனக்குத் தெரியாதா என்றும் கேட்கிறீர்கள். தெரியும். தூக்கத்திலும் தெரியும்.

லைல் பரணுக்கடியில் தரையிலிருந்து என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டான். முதலில் சத்தமாக, பிறகு சாதாரணமாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவன் மாதிரி. ஏழு முப்பத்தாறு வரை கேட்டது, அதற்குப் பிறகு இல்லை. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது ஆனதும் இறங்கினேன். ஒரு நிமிடம்கூட முன்னதாக இல்லை. மான் ஏதாவது அடிபட்டிருந்தால், மேடம், அது அவனுக்கு நிச்சயம் கிடைத்திருக்கும்.