அம்மாமார் ஓட்டம்

"விசில் ஊதினதும் நான் பத்தாம் வகுப்புக்குப் போயிட்டன், பரீனா."

கிண்ணியா பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். வலது காலைச் சீட்டுகளுக்கு இடையிலுள்ள நடைவழியில் நீட்டி வைத்திருந்தார்.

"மகன்ர பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில ஆரும் அப்பிடி ஓடுவினமா, சுகந்தி?"

"மற்ற அம்மாமார் சாரியைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு, சிரிச்சுச் சிரிச்சு ஓடினவை. நான்தான் பள்ளிக்கூடத்தில நாங்கள் ஓடின அஞ்சலோட்டம் மாதிரி பாய்ஞ்சனான். பாதியில தொடைக்குப் பின்னால கயிறு அறுந்த மாதிரி இருந்தது."

"இன்னும் மாறேல்லையா?"

"மாசக்கணக்காச்சு. கொஞ்சம் சுகமெண்டா உடன வேகமா நடந்துபோடுறன், திரும்பப் பிடிக்குது. அவசரப்படாதேங்கோ எண்டு இண்டைக்கும் கிளினிக்கில பேச்சு."

"நீ எப்பவும் அப்பிடித்தான். நான் அஞ்சல் தடியைத் தர முதலே ஓடத் தொடங்கிடுவாய். கடைசி வருசம் அதாலதானே தடி விழுந்தது."

"விழுமட்டும் நாங்கள்தானே முன்னுக்கு?"

"ஓம். நாங்கள்தான் முன்னுக்கு."

பிறகு இருவரும் யன்னலுக்கு வெளியே துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அன்புவழிபுரத்துக்குத் திரும்பும் சந்தியில் பஸ் நின்றது. பரீனா சுகந்தியின் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை கூடப் போனார். சுகந்தி கம்பியைப் பிடித்துக் கடைசிப் படியில் நின்று, திரும்பிப் பார்க்காமலே மற்றக் கையைப் பின்னால் நீட்டினார். உள்ளங்கை விரிந்திருந்தது. பரீனா பையை அதில் வைத்து அழுத்தினார்.

பை கைக்கு வந்த பிறகுதான் சுகந்தி படியிலிருந்து காலை எடுத்தார்.