துபாய்க்கு அமையாத மியூசிக்

அறந்தாங்கியில் மேட்னி விட்டதும் ஏறிய கோட்டைப்பட்டினம் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஒரு புருஷனும் பொண்டாட்டியும். அவர்கள் பார்த்துவிட்டு வந்தது ஒரு விண்வெளிப் படத்தின் இரண்டாம் பாகம்.

"மொத பாகத்து மியூசிக்க கடலுக்கு வச்சுக்கிட்டோம். அடுத்த மாசம் வேலைக்குப் போறப்ப, ரெண்டாம் பாகத்தத் துபாய்க்கு வச்சுக்கலாம்னு இருந்தேன். கெடுத்துட்டாய்ங்க" என்றார் புருஷன்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காது மட்டும் அங்கேயே இருந்தது.

"ஆமாங்க. மொதப் படத்துல கப்பல் தனியா மெதக்கையில வருமே, அது மாதிரி ஒண்ணுகூட இல்ல."

"வலைய விட்டுட்டு எஞ்சின நிப்பாட்டுனதும் போன்ல அதத்தான் போடுவேன். டவர் கெடைக்காது. ஆனா அந்நேரம் நீயும் வீட்டுல போட்டிருப்பேன்னு தெரியும்."

"போட்டுட்டுக் கண்ண மூடிக்குவேன். கட்டிலு லேசா ஆடும்."

"இதுல பூராவும் எஞ்சின் எரச்சல்."

கடற்காற்று உள்ளே வரத் தொடங்கியது.

"பழசையே அங்கிட்டும் போட்டுக்கங்களேன்."

"அதக் கேட்டா கடல் ஞாபகம் வந்துரும். வேலை ஓடாது."

அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டு மெதுவாகக் கேட்டாள்:

"துபாய்க்குத்தான் மியூசிக்கே அமையலையே. பெறகு என்னத்துக்குங்க போறீங்க?"